மச்சானின் வயிற்றுப் புண்

வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் கோபமும்தான் என்று டாக்டர் படித்திருந்தார். படித்ததையே கல்லூரியில் பாடமாகவும் நடத்தினார். அக்கா புருஷனுக்கே அந்தப் புண் வந்தபோது அக்காவைத் தனியே அழைத்து, "மச்சானுக்குக் கோபம் வராம பாத்துக்கோக்கா. அதுதான் பெரிய மருந்து" என்றார். அன்றிலிருந்து அக்கா வாயைப் பூட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் கதவைக்கூட யாரும் சத்தமாகச் சாத்துவதில்லை. ஆனாலும் மச்சானுக்கு வலி விட்டபாடில்லை.

இந்தக் கணக்குக்கு ஒத்துவராத ஆட்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுபவர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவருக்கும் புண். 'உள்ளுக்குள்ளயே போட்டுப் புழுங்குறாரு' என்று டாக்டர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பரிசோதனைக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். புண்ணை உண்டாக்குவது ஒரு கிருமி என்று புது ஆய்வுகள் சொல்வதை மருத்துவர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். முதலில் சிரித்தவர் நம் டாக்டர்தான்.

"வயித்துல இருக்கறது அமிலம்மா. அதுல கிருமி எப்படிப் பொழைக்கும்?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஒரு தடவ வந்து பாருங்களேன்."

டாக்டர் தப்பைச் சுட்டிக்காட்டத்தான் போனார். நுண்ணோக்கிக்குள் சுருள் சுருளாகக் கிருமிகள். கண்ணாடித் தகட்டில் அழுக்கு பட்டிருக்கும் என்றார். டாக்டரம்மா டாக்டருடைய பழைய நோயாளிகளின் தகடுகளை எடுத்து வைத்தார். அவற்றிலும் அதே சுருள்கள். லிப்ட்காரருடையதிலும் இருந்தன. இவற்றை அவர் முன்பே பார்த்திருக்கிறார். வயிற்றில் கிருமி இருக்காது என்று தெரிந்திருந்ததால் தூசி என்று தள்ளிவிட்டிருக்கிறார்.

மச்சானையும் சோதித்தார். கிருமி இருந்தது. மாத்திரைகளோடு அக்கா வீட்டுக்குப் போனார்.

"அப்ப என் கோபத்தால வரலியா மாப்ளே?" என்றார் மச்சான்.

"இல்ல மச்சான். நான் சொன்னது தப்பு."

அக்கா மாத்திரைகளை வாங்கி அலமாரியில் வைத்தாள். மாத்திரை முடிந்து, வலி போன இடம் தெரியாமல் போய், மறுசோதனையும் நல்லபடியாக வந்த பிறகு, தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலேசாகப் பேச்சைத் தொடங்கினாள்.

"இனிமே இவர்கிட்ட நான் எது வேணா பேசலாமாடா?"

"தாராளமா பேசுக்கா."

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்க தங்கச்சிக்கு என் தையல் மெஷின என்னக் கேக்காம தூக்கிக் குடுத்தீங்களே, ஏன்?"

மச்சானின் முகம் சிவந்தது. டாக்டர் பழக்கதோஷத்தில் அக்காவை அடக்கக் கையை உயர்த்தினார். பிறகு மெல்ல இறக்கிக்கொண்டார்.

"அது எந்தக் காலத்து விஷயம்?" என்று மச்சான் சத்தம் போட்டார்.

"அப்பவே கேட்டிருப்பேன். உங்க வயிறு குறுக்க நின்னுச்சு."

பேச்சு முற்றியது, நீண்டது. நடுவில் மச்சான் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அக்கா போட்டாள், பேச்சை நிறுத்தாமலே.