கிண்ணம் வந்த பக்கம்

திருவிருந்துக் கிண்ணம் தன் வாயருகே வந்தபோது தையல்காரி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். போதகர் கிண்ணத்தைச் சாய்த்தார். திராட்சரசம் மூடிய உதட்டில் வந்து மோதிவிட்டுத் திரும்பிப் போனது. நாள் முழுக்கக் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிறவள் அவள். உதட்டை மூடிவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போதகர் ஒன்றையும் கவனிக்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அவள் தலையைக் குனிந்து ஆமென் சொன்னாள். அதையும் வாயைத் திறக்காமல்தான் சொன்னாள்.

எல்லாம் அந்த விருந்தாளிப் போதகரால் வந்த வினை. அவர்கள் சபையில் கிண்ணம் எப்போதும் இடது ஓரத்திலிருந்துதான் தொடங்கும். இது தெரிந்துதான் அவள் நாத்தனாரை வலது பக்கத்தில் விட்டு, தான் இடது பக்கத்தில் முழங்காலிட்டாள். தான் முதலில் குடித்துவிடலாம், பிறகு அவள் குடிக்கட்டும், யாருக்கும் மனவருத்தம் இல்லை. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்கிற கணக்கு. ஊர் வழக்கம் தெரியாத மனிதர் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட நாள் தாகம் போலக் குடித்தாள். போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அதே கிண்ணத்தை இவளிடம் நீட்டினார்.

நாத்தனாருக்குக் காசநோய். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மருந்தெல்லாம் முடிந்து, இனிமேல் யாருக்கும் பரவாது என்று டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லியாகிவிட்டது. தையல்காரியும் தலையை ஆட்டினாள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு உடம்பு துடைத்துவிட்டதும் வாந்தியை வாரிக் கொட்டியதும் அவள்தான். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடுக்களையில் நீல விளிம்பு டம்ளர் ஒன்று தனியாகவே இருந்தது. எடுத்து மற்றவற்றோடு வைக்கக் கை வரவில்லை. நாத்தனாரும் ஒன்றும் கேட்காமல் அதிலேயே குடித்துவந்தாள்.

கிண்ணத்துக்கு முன் கொடுத்த அப்பத்தை மட்டும் தையல்காரி சந்தோஷமாகத் தின்றிருந்தாள். அது தனியாக, அவள் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ஆராதனை முடியும் நேரத்தில் விருந்தாளிப் போதகர் மேசைக்கு முன் நின்று, கிண்ணத்தில் மிஞ்சியதை அண்ணாந்து குடித்தார். பிறகு தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். சிறு வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அத்தனை பேரும் வாய் வைத்த கிண்ணம் அது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. முகம் எரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அது தலைகீழாக இருந்ததை நாத்தனார்தான் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை முன்னறையில் இருவரும் வேலைக்கு உட்கார்ந்தார்கள். தையல்காரி மெஷினில், நாத்தனார் ஜன்னலோரம் பொத்தான் தைக்க. கணவன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற போக்கில், "என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா? மழை வந்துடப் போவுது" என்றான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாத்தனார் ஊசியில் நூல் கோர்க்கும் சின்னக் கம்பியை எடுத்தாள். அது தையல்காரி வாங்கிக் கொடுத்தது. முன்பெல்லாம் அவள் நூல் நுனியை வாயில் நனைத்துத்தான் கோர்ப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், "எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்குற, இத வச்சுக் கோத்துக்கோ" என்று அக்கறையாகத் தந்தாள் தையல்காரி. "நல்லதாப் போச்சு அண்ணி" என்று நாத்தனாரும் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், துணியிலிருந்து தலையை எடுக்காமல்.

மெஷின் நின்றது.

"நேத்து உங்க தொண்டை அசையவே இல்ல."

தையல்காரியின் வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுக்காதவரை பதில் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கவில்லை.

"டம்ளர் விஷயம் எனக்குத் தெரியும். அதுல எனக்கு வருத்தம் இல்ல அண்ணி, சத்தியமா. என் பீ மூத்திரம் அள்ளுனவங்க நீங்க. எனக்குன்னு ஒரு டம்ளர் இருந்துட்டுப் போவட்டும்." பொத்தானைச் சுற்றி நூலை இழுத்தாள். "ஆனா அது வேற. என்னால நீங்க ஆண்டவரோட ரத்தத்தக் குடிக்காம வந்துட்டீங்க. அதத்தான் தாங்க முடியல. அடுத்த தடவ நீங்க முதல் வரிசையில போயிடுங்க. நான் எல்லாரும் வாங்குன பொறவு கடைசியா வரேன். எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் பயமில்ல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். தையல்காரிக்குக் கூனிக் குறுகிப் போயிற்று. குண்டூசிகளைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள். ஏதோ சொல்லப் பார்த்தாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதது. நாத்தனாரின் மடியிலிருந்த கம்பியை எடுத்து ஜன்னல் வழியே வெளியே போட்டாள்.

"ஐயோ அண்ணி, ஊசியில நூல் தீந்துடுச்சே. இப்ப எப்படிக் கோக்குறது?"

"எப்பவும் கோக்குற மாதிரிதான். கோத்து எங்கிட்ட குடு. இந்தச் சட்டைக்கு நான் தைக்குறேன்."

நாத்தனார் புது நூலை அறுத்தாள். அதன் நுனி பிரிந்து பிசிராக நின்றது. அதை வாய்வரை கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தையல்காரி கையை நீட்டியபடி நின்றாள். அந்தக் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.