சுடலை அண்ணாச்சிக்கு எண்ணிக்கை மூன்று

2006ஆம் வருடம் ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. இடம்: வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் ஹால். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

பேக்கிங் மேஜைமேல் சம்மணம் போட்டு யோகா மாஸ்டர் கந்தவேல். அவருக்கு இடப்பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, பர்சனல் ஆபீசர் மாதவன். அடுத்த நாற்காலியில், அதற்கு மட்டும் புதுத் துண்டு விரித்திருந்தார்கள், எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸ் மேடம். தரையில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள் மேல், செக்கிங் பெண்கள் நாற்பத்திரண்டு பேர். இரண்டாம் வரிசை ஓரத்தில் விஜயராணி, அதாவது நான். எனக்கு வலப்பக்கம் மயிலாள் அக்கா.

கடைசி வரிசை காலி. அது பிரஷ்ஷிங் ஆட்கள் ஐந்து பேரின் வரிசை. மேடம் வரும் நாளில் ஒருத்தனும் வரக் கூடாது என்று மாதவன் சொல்லியிருந்தார். நாலு பேர் வரவில்லை. சுடலை அண்ணாச்சி மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்துவிட்டார். வாட்ச்மேன் விடவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

பிரஷ்ஷிங் என்றால், குளிர் நாட்டுக்குப் போகிற துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பற்களால் சுரண்டி மெத்தென்று ஆக்குகிற வேலை. சுரண்டினதெல்லாம் பஞ்சுத் தூசியாக அந்த அறையில் நிற்கும். அறைக்கு ஒரே ஜன்னல். ரோட்டுப் புழுதி துணியில் படியும் என்று அதையும் ஆணியடித்து வைத்திருந்தார்கள். துணிக்குத் தூசி ஆகாது. ஆளுக்கு ஆகும்.

யோகா வந்தது மே மாதம். மனசு அமைதியாக இருந்தால் தையலில் தப்புக் குறையும் என்று மாதவன் விளக்கினார். சனிக்கிழமை தோறும் மெஷினை நிறுத்தி அரை மணி நேரம். முதல் நாள் கண்ணை மூடச் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று மயிலாள் அக்கா சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் சுடலை அண்ணாச்சியின் மூச்சு. ஆறு வருடமாக மெஷின் இரைச்சலில் எங்கள் யார் காதிலும் விழாத சத்தம் அது.

வகுப்பு முடியும்போது ஒரு பயிற்சி உண்டு. மூச்சை இழுத்து, முடிகிற மட்டும் நிறுத்த வேண்டும். மாஸ்டர் சத்தமாக எண்ணுவார். நான் சாத்தான்குளத்தில் பத்தாவது வரை படித்தவள். தேதி போடாத தாளை எங்கள் தமிழ் ஐயா திருத்தவே மாட்டார். அந்தப் பழக்கத்தில் யார் எத்தனை எண்ணிக்கை என்று நோட்டில் தேதி போட்டுக் குறித்துவந்தேன். மயிலாள் அக்கா முதல் வாரம் பன்னிரண்டு, எட்டாம் வாரம் முப்பது. நான் பத்திலிருந்து இருபத்தாறு. எல்லாருக்கும் ஏறியது. பிரஷ்ஷிங் ஆட்கள் ஐந்து பேருக்கு மட்டும் இறங்கியது. சுடலை அண்ணாச்சி ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று.

"ஏனுங்க, மனசு நிக்க மாட்டேங்குதுங்களா?" என்று மாஸ்டர் ஒரு நாள் கேட்டார்.

"மனசு நல்லா நிக்கி மாஸ்டர். நெஞ்சுதான் நிக்க மாட்டேங்கு" என்றார் அண்ணாச்சி. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நோட்டை மாஸ்டரிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "நானும் ஆபீஸ்ல சொன்னேனுங்க. யோகாவை மட்டும் பாருங்கன்னுட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை அன்று விழுங்கிக்கொண்டேன். விழுங்கிப் பழக்கம்.

இனி என் தப்பை எழுத வேண்டும். மேடம் வருவதற்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை, மாதவன் கூப்பிட்டார். "உன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்காமே. அஞ்சு பேப்பர் எழுதிக் குடு." சொல்லச் சொல்ல எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. எனக்குச் சிறு வயது முதலே மூச்சிளைப்பு நோய் உண்டு. இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் பேப்பரிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தையும் எழுதினேன். கையெழுத்து வாங்கி வரவும் என்னையே அனுப்பினார். அண்ணாச்சிக்குப் பெயர் போடத் தெரியும், படிக்கத் தெரியாது.

"என்ன தாயி இது?"

"மெடிக்கலுக்கு ஏதோ ஃபார்ம் அண்ணாச்சி."

"உன் எழுத்துன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மேடம் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களையும் தயார் செய்திருந்தார்கள். "ஏதாவது சொல்லணுமா?" என்று மேடம் கேட்டதும், "நல்லா இருக்கோம் மேடம்" என்று நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். மாதவன் சிரித்தார். மேடம் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது கடைசிப் பயிற்சி மட்டும்.

"இழுங்க. நிறுத்துங்க. ஒன்று, இரண்டு..."

பயம் வந்தால் துரத்த வேண்டாம், உடம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்பார் மாஸ்டர். பார்த்தேன். ஆபீஸ் ரூமுக்குப் போகும்போதெல்லாம் என் தொண்டையை அடைக்கிறது பயம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பயமென்றால் கை வேர்க்க வேண்டும். கை உலர்ந்திருந்தது. காது கொதித்தது. பல் பல்லோடு இறுகியிருந்தது. எட்டு, ஒன்பது என்று எண்ண எண்ண, இது பயமே இல்லை, கோபம் என்று தெரிந்தது. தெரிந்ததும் தொண்டை விட்டுவிட்டது. இருபதில் மூச்சை விட்டேன். எழுந்து நின்றேன். ஹாலில் மற்ற எல்லாரும் மூச்சை அடக்கியிருந்ததால் என் சேலைச் சரசரப்பு மேஜை வரை கேட்டிருக்கும்.

"கிளாஸ் நடக்குது. உக்காரும்மா" என்றார் மாதவன்.

"நான் எண்ணி வச்சிருக்கறதைச் சொல்லிட்டு உக்கார்றேன் சார்."

நோட்டைப் பிரித்துத் தேதி வாரியாக வாசித்தேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று வாசித்தேன். ஜன்னலைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன். "மூணு எண்ணிக்கைக்கு மேல மூச்சு நிக்காத ஆளு இப்ப சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்திருக்கார் மேடம். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு வெளிய வச்சிருக்காங்க."

மாதவன் எழுந்துவிட்டார். "அந்த ஆளுக்குச் சின்ன வயசுலேருந்தே இளைப்பு மேடம். அவரே எழுதிக் குடுத்திருக்கார்."

"எழுதினது நான். சொல்லச் சொல்ல எழுத வச்சது நீங்க."

அப்போதுதான் மயிலாள் அக்கா வாயைத் திறந்தாள். "ஏனுங் சார், அஞ்சு பேருக்குமா சொல்லி வெச்ச மாதிரி சின்ன வயசுலயே இளைப்பு வந்துச்சுங்க?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மேடம் மாஸ்டரைப் பார்த்தார். கந்தவேல் மேஜையை விட்டு இறங்கினார். "நெசந்தானுங்க. எனக்கும் தெரியும். வாயைத் தொறக்காம இருந்துட்டேனுங்க."

"எழுத்துல குடுங்க, விசாரிக்கிறோம்" என்றார் மேடம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. மூச்சு முட்டுகிறது என்று சொன்னாலும் இவர்களுக்கு எழுத்தில் வேண்டும். வெளியே வரும்போது மாதவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை கேட்டுக்குள்ள எப்படி வர்றேன்னு பாக்கறேன்."

"நானும் பாக்கறேன் சார்" என்றேன்.

சனிக்கிழமை தபால் ஆபீஸ் கவுண்டர் மதியத்தோடு மூடிவிடும். அன்று வேலைக்குத் திரும்பாமல், சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அண்ணாச்சியோடு நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்து, வியாழக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டது என்னவென்று சொன்னேன்.

"அன்னைக்கே வாசிச்சிருக்கலாம்லா தாயி" என்றார். பெஞ்சில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

பெறுநர்: தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள். நகல்: பெங்களூர் ஆபீஸ் மேடம். எட்டு வாரத்து எண்ணிக்கையையும் ஐந்து பெயர்களையும் எழுதினேன். கடைசிப் பத்தி இது: கம்பெனி கோப்பில் உள்ள ஐந்து வாக்குமூலங்களும் பொய். அவற்றை எழுதியவள் நான். இந்தக் கடிதத்தின் எழுத்தையும் அவற்றின் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். அதற்காகவே ஒவ்வொரு எழுத்தையும் அச்சு மாதிரி நிறுத்தி எழுதினேன்.

"வாசி" என்றார் அண்ணாச்சி. வாசித்தேன். "இன்னொரு தடவை." வாசித்தேன். பிறகுதான் பேனாவை வாங்கி, நகலிலும் சேர்த்து, சு-வில் தொடங்கி மெதுவாகப் பெயரை எழுதினார். அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டேன்.

இரண்டு உறை. ஜன்னலோரக் கிண்ணத்துப் பசை காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவினேன். அண்ணாச்சி உள்ளங்கையால் ஓரங்களை அழுத்தினார். ஒப்புகை அட்டை சேர்த்துப் பதிவுத் தபால் என்றேன். கவுண்டர்காரர் முத்திரையை ஓங்கிக் குத்தி, இரண்டையும் பின்னால் கிடந்த சாக்குப் பையில் போட்டார்.