சுடுற மாதிரி ஆனதும்

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் என்னுடையதல்ல. தீவனக் கடையில் எனக்கு முன்னால் நின்றவன் கைபேசியில் யாரிடமோ சொன்னான்: "ஒழுங்கா சுடுற மாதிரி ஆனதும் தந்துடறேன்." பிறகு மாடுகளுக்கான உப்புக் கட்டி ஒன்றும், துப்பாக்கிக் குழலைச் சுத்தம் செய்யும் திரவம் ஒரு புட்டியும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் பெயர் தெரியாது. ஓரின் ஹாகே என்று வைத்தேன். மொன்டானாவில் இந்தப் பக்கம் பாதிப்பேர் நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அந்த வாக்கியத்தில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதைத் தள்ளிப்போட ஒரு வழியும் இருக்கிறது. கதைக்கு எனக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

2

தொடக்கங்கள்:

"கிழக்கு மொன்டானாவில் ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் ஓரின் தன்"
(கைவிட்டேன். வானிலையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.)

"மாரிட் இறந்த பிறகு அவளுடைய சட்டைகளை அலமாரியிலிருந்து"
(கைவிட்டேன்.)

"துப்பாக்கி சரியாகச் சுடவில்லை."

இது இருக்கட்டும். பொய் இல்லாத வாக்கியம் போலத் தெரிகிறது. பொய்தான் என்று பிறகு தெரியும்.

துப்பாக்கி மாரிட்டுடையது. மாரிட், ஓரினின் மனைவி.* அறுபதுகளில் செய்த ரைஃபிள். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுட வேண்டும். சிறிய தோட்டா, நீளமான கனத்த குழல். கோஃபர் சுடுவதற்கென்றே செய்தது. கோஃபர் என்பது தரை அணில். குதிரைமசால் தீவன வயலில் வளை தோண்டும், பயிரைத் தின்னும், அந்த வளையில் மாடு காலை விட்டு ஒடித்துக்கொள்ளும். மாரிட் குள்ளம். தோளில் முட்டும் மரக்கட்டை அவளுக்கு நீளமாக இருந்ததால் அதன் பின்பக்கத்தை அவளே ரம்பத்தால் அறுத்து, ரப்பர் அடியைத் திரும்பப் பொருத்தினாள். மேலே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் அவளே பூட்டினாள். அவள் நூறு கெஜத்தில் சுட்ட ஐந்து ஓட்டைகளைப் பத்து சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம். இது ஊருக்கே தெரியும்.

இங்கே ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் கேட்காமல் எடுப்பதில்லை. கணவனானாலும். ஓரின் கேட்டதில்லை. அவள் போன பிறகுதான் முதன்முதலாக அதை எடுத்துச் சுட்டான். ஐந்து ஓட்டைகளும் காபிக் கோப்பையின் சாஸர் அளவுக்குச் சிதறிக் கிடந்தன.

அதே வாரம் சிக்னி கேட்டாள். சிக்னி, மாரிட்டின் தங்கை. அப்பாவின் பண்ணையைத் தனியாக நடத்துகிறாள். போன வசந்தத்தில் ஒரு கிடாரி வளையில் காலை ஒடித்துக்கொண்டது. அவளே அதைச் சுட வேண்டியதாயிற்று.

"அக்கா துப்பாக்கிய எனக்குக் கொடேன், ஓரின். நீ வச்சு என்ன பண்ணப் போற?"

அப்போதுதான் அந்த வாக்கியம். ஒழுங்காகச் சுடுகிற மாதிரி ஆனதும்.

(* எப்படி இறந்தாள் என்று எழுதவில்லை. எழுதினால் கதை முழுவதும் அந்தப் பக்கம் சரிந்துவிடும். இறந்தாள் என்பது போதும். எனக்குப் போதும்.)

3

துப்பாக்கியைத் திருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பிறகு ஐந்து தோட்டா சுட்டு, தாளைப் பார்ப்பது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓரின் இதை மதத்தைப் போலக் கடைப்பிடித்தான். லைல் பெக்ட் துணைக்கு வந்தான். லைல் அவனோடு பள்ளியில் படித்தவன், பக்கத்துப் பண்ணைக்காரன். அவனுடைய டிராக்டர் கொட்டகையில் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்க நல்ல பிடிசட்டம் இருந்தது. எல்லாவற்றையும் பற்றிக் கருத்தும் இருந்தது.

முதலில் குழல். துணித்துண்டுகள் நீலப்பச்சையாக வந்தன. அது தோட்டாவின் செம்பு. வெள்ளையாக வரும்வரை ஓரின் தேய்த்தான். சுட்டான். சாஸர் கொஞ்சம் சிறியதாயிற்று.

"பேரலு கட்டையத் தொடுதுப்பா," என்றான் லைல். "அதான் கோளாறு. சூடானா அதுக்கு மூச்சு விட எடமில்ல." ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுத்தான். பாதியில் சிக்கியது. "பாத்தியா? நோட்டுல இருக்கற பெரியவரு மாட்டிக்கிட்டாரு."

ஓரின் உப்புத்தாளால் மரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தான், நோட்டு வழுக்கிக்கொண்டு போகும்வரை. சுட்டான். கொஞ்சம் தேறியது.

பிறகு பிசின். இரும்பு மரத்தில் ஆடாமல் உட்கார அடியில் பிசின் ஊற்றுவார்கள். இரும்பே ஒட்டிக்கொள்ளாமலிருக்க முதலில் அதன்மேல் ஷூ பாலிஷ் தடவ வேண்டும். லைல் ஒருமுறை பாலிஷை மறந்து, மாமனாரின் துப்பாக்கியைக் கட்டையோடு நிரந்தரமாக ஒட்டியவன்.

"அந்த ஆளு இன்னமும் வருஷா வருஷம் நன்றி சொல்ற நாள் விருந்துல அதத்தான் பேசறாரு. வான்கோழியக் கூட சாப்பிட விடமாட்டேங்கறாரு," என்றபடி பாலிஷை இரண்டு முறை பூசினான்.

சுட்டான். ஓரினின் ஓட்டைகள் முட்டை அளவுக்கு வந்தன. பிறகு விசையை இலேசாக்கினான். தோட்டாவுக்குள் போடும் மருந்தைக் கூட்டினான், குறைத்தான். குழலின் வாய் விளிம்பை வழித்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்தாக. முட்டை முட்டையாகவே இருந்தது.

லைல் குனிந்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தான்.

"டேய், இது கோணையா இருக்குடா. உள்ள இருக்கற சிலுவைக் கோடு எடது பக்கம் சாயுது. நாலு ஸ்க்ரூ. லூஸ் பண்ணி நேராத் திருப்பி முடுக்கு. காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அது அப்புறம்."

"எல்லாத்தையும் நோண்டியாச்சு. அப்புறம்னா எப்போ, கோஃபரெல்லாம் ரிட்டயர் ஆனப்புறமா?"

"அப்புறம்னேன்ல."

லைல் ஸ்க்ரூட்ரைவரைப் பெட்டியில் போட்டான். (இங்கே லைல் ஏதோ புரிந்துகொண்டதுபோல ஒரு பார்வை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். லைல் அப்படிப் பார்க்கிறவன் அல்ல. அவனுக்குப் பசித்திருக்கும்.)

4

இந்த இடத்தில் எனக்கு ஓரின் மேல் சந்தேகம் வந்தது.

துப்பாக்கி சரியானால் அது சிக்னிக்குப் போய்விடும். அவனே சொன்னது. அப்படியானால் இவன் இவ்வளவு தேய்ப்பது எதற்கு? திருத்துவதற்கா, திருத்திக்கொண்டே இருப்பதற்கா? அவனிடம் கேட்க முடியாது. அவன் நான் எழுதுவதைத்தான் சொல்வான்.

வேறொரு கையெழுத்துப் படியில் மாரிட்டைச் சாகவிடவில்லை. அவள் பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய் ஒரு பல் மருத்துவரோடு வாழ்ந்தாள். துப்பாக்கியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் படியில் ஓரின் முதல் நாளே நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினான், ஸ்கோப்பைத் தூக்கி அலமாரியில் எறிந்தான், புதியதை வைத்தான். கதை இரண்டு பக்கத்தில் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் எதையும் இழக்கவில்லை.

ஆகவே திரும்பவும் சாகவைத்தேன். எழுத்தில் இது சுலபம்.

[வாசகருக்கு: ஓரின் ஸ்கோப்பைத் தொடாததற்குக் காரணம் என்ன என்று நீங்கள் ஏற்கெனவே மனதில் எழுதிவிட்டீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். அவன் அதை ஒருபோதும் சொல்லமாட்டான். எனவே இங்கே அதை எழுத]

5

சிக்னி வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். லைலின் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் ஒரு கனத்த மேசை, அதன்மேல் மணல் பைகள், நூறு கெஜத்துக்கு அப்பால் வைக்கோல் கட்டு, அதில் தாள். வாய்க்கால் நிழலில் இன்னும் பனி கிடந்தது. காற்று இல்லை, இங்கே அது அபூர்வம். சிக்னி வண்டியிலிருந்து இறங்கி, சேறு பட்ட காலணியைப் புல்லில் தேய்த்துக்கொண்டே கத்தினாள்.

"ரெண்டு பேரும் எப்பவாவது சுடறதுண்டா, இல்ல தொடைச்சுத் தொடைச்சுக் கொஞ்சறது மட்டுந்தானா? என் வயல்ல கோஃபருங்க கல்யாணம் பண்ணி வளைகாப்பு வரைக்கும் போயாச்சு."

"இன்னும் முழுசா ஆகல," என்றான் ஓரின்.

"முழுசா ஆனா எப்படி இருக்கும்? பாட்டுப் பாடுமா? நகரு."

அவன் நகர்ந்தான். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தை ஓரின் கவனித்தான். அவன் அந்த மேசை முன் உட்காரும்போது கட்டை குட்டையாக இருப்பதால் ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகே வந்துவிடும்; தலையைப் பின்னுக்கு இழுத்து, கன்னம் மரத்தில் படாமல், கழுத்தை எங்கோ வைத்துச் சுடுவான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒவ்வோர் இடத்தில். அதை அவன் ஒரு கோளாறாக எண்ணியதே இல்லை. துப்பாக்கியைச் சோதிப்பவர்கள் துப்பாக்கியைத்தான் சோதிப்பார்கள்.

சிக்னியின் கன்னம் மரத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது.

"ஸ்கோப்பு கோணையா இருக்கும். சிலுவை சாய்ஞ்சு தெரியும். கணக்குல வச்சுக்க," என்றான்.

அவள் பார்த்தாள்.

"எங்க சாய்ஞ்சிருக்கு? நேராத்தானே இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். நேரா இருக்குங்கறேன்."

லைல் ஓரினைப் பார்த்தான். ஓரின் அவள் தோளைப் பார்த்தான். அவள் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிக்கவில்லை. தோள் எலும்பு வாகுக்கு அது வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. துப்பாக்கி சாய்ந்ததால் உள்ளே கோடு நேராகியிருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே வைக்கோல் கட்டின்மேல் படுத்துச் சுடக் கற்றவர்கள். ஒரே தோள். மாரிட் ஸ்கோப்பைக் கோணலாகப் பூட்டவில்லை. தனக்கு நேராகப் பூட்டியிருந்தாள்.

சிக்னி ஐந்து சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அவசரப்படாமல் போல்ட்டை இழுத்தாள். லைல் தாளை எடுக்கப் போனான். போனதைவிட மெதுவாகத் திரும்பி வந்தான். தாளை மேசையில் விரித்து, சட்டைப்பையைத் துழாவி, ஒரு பத்து சென்ட் நாணயத்தை அதன்மேல் வைத்தான்.

ஓட்டைகள் காணாமல் போயின.

"சனியனே," என்றான் லைல், யாரையும் பார்க்காமல். "என் பிசின் வேலை செஞ்சிருக்கு பாத்தியா?"

6

லைலின் பிசின் வேலை செய்ததா? தெரியாது. ஓரின் தேய்த்தது, வழித்தது, மருந்தைக் கூட்டிக் குறைத்தது, எதுவும் வேலை செய்ததா? தெரியாது. அவன் ஒவ்வொன்றாக மாற்றினான், சுடுகிறவனை மட்டும் மாற்றவில்லை. முதல் நாள் சிக்னி சுட்டிருந்தால் அன்றைக்கே நாணயம் மூடியிருக்குமா? இனிமேல் அளக்க முடியாது. குழலைத் திரும்ப அழுக்காக்க முடியாது.

ஆனால் முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) ஓரின் துப்பாக்கியை உறையில் போட்டு சிக்னியின் வண்டியில் வைக்கிறான். அவள் அவன் தோளைத் தட்டுகிறாள். வண்டி போகிறது. (பெருந்தன்மை. படிப்பவருக்கு ஆறுதலாக இருக்கும். அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்பதை எழுத வேண்டிவரும். எனக்கு அது வேண்டாம்.)

ஆ) அவன் தரவில்லை. வீட்டில் நான்கு ஸ்க்ரூக்களையும் தளர்த்துகிறான். ஸ்கோப்பை முன்னுக்குத் தள்ளி, தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி முடுக்குகிறான். கட்டைக்குப் பின்னால் ஒரு மரத்துண்டைச் சேர்த்து நீளமாக்குகிறான். இப்போது அது அவனுக்கும் நாணய அளவு சுடுகிறது. நன்றாகச் சுடுகிறது, அவனுடையதாகிவிட்டது. அதில் கண்ணை வைத்து அவள் பார்த்ததைப் பார்க்க இனி யாராலும் முடியாது.

இ) எதையும் தொடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். துப்பாக்கியில் இன்னும் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சிக்னியிடம் சொல்கிறான். கோஃபர்கள் பெருகுகின்றன. இன்னொரு கிடாரி

மூன்றாவதை முடிக்கவில்லை. அந்தக் கிடாரிக்காக.

மூன்றையும் திரும்பப் படித்தேன். மூன்றிலும் ஓரின் செய்கிறான், நான் செய்யவைக்கிறேன். மூன்றிலும் அவனுக்கு ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகிறது. எது போகலாம் என்று என்னால் தீர்மானிக்க முடியாது. அதனால் இதைவிட ஓர் அடி முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மேசை. தாள். சிக்னி காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறாள். அவளுடைய இடது கை இன்னும் கட்டையின் மேல் இருக்கிறது. லைல் மணல் பைகளை வண்டிக்குத் தூக்கிப்போகிறான், வேண்டுமென்றே ஒவ்வொன்றாக. சிக்னி நிமிர்ந்து ஓரினைப் பார்க்கிறாள். அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கும் போனது அக்காதான்.

"ஓரின், இது சரியாயிடுச்சுல்ல?"

ஆமாம் என்றால் துப்பாக்கி போகிறது. இல்லை என்றால், அவள் அக்காவைப் போலவே சுட்ட தாள் மேசைமேல் விரிந்து கிடக்க, அவள் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல வேண்டும்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும். அவன் நீளமாகப் பேசுகிறவன் அல்ல. சீக்கிரம் சொல்லுங்கள். அவள் கேட்டுவிட்டாள், லைல் கடைசிப் பையைத் தூக்கிவிட்டான், ஓரின் வாயைத் திறக்கிறான்.