அடைப்பு அறையிலிருந்து வந்த நெட்

குமரகுரு சதய நட்சத்திரத்தில் கண்ணை மூடியதுதான் வினை. அது அடைப்பு நட்சத்திரம். உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், திறந்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொல்லிவிட்டார். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற மனிதர் அவர். வேலை பார்த்த நாற்காலியிலேயே சாய்ந்துபோனார். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரை அணைக்க யாருக்குத் தோன்றும்? அது ஓடிக்கொண்டிருந்தபடியே கதவுக்குப் பூட்டு விழுந்தது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது.

"இருக்கிற லைன வுட்டுட்டு உன் போனுக்குத் தனியா எதுக்கு நெட்டு?" என்று, மனைவி காவேரியின் போனுக்குத் தன் கம்ப்யூட்டரிலிருந்தே புளூடூத் வழியாக நெட் கொடுத்து வைத்திருந்தார் அவர். காரியம் முடிந்த மறுநாள் காவேரி பூட்டிய கதவருகே பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் விழித்துக்கொண்டது. ‘குமரகுரு: இணைக்கப்பட்டது’ என்றது. கம்ப்யூட்டருக்கும் தன் பெயரையே வைத்திருந்தார் மகராசன்.

அன்று முதல் மத்தியானச் சாப்பாடு ஆனதும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். போனில் ஏதோ சமையல் வீடியோ ஓடும், பார்க்க மாட்டாள். கோயிலில் கண்ட கூட்டம், மாவரைத்த கதை எல்லாவற்றையும் கதவிடம் சொல்வாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிள்ளையார்பாளையம் முழுக்க இதுதான் பேச்சு.

மகள் தேவிப்ரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைவிட்டு எட்டியே நின்றாள்.

"நீ கூப்ட்டுக்கினே இருந்தா அப்பா எப்படிம்மா போவாரு? ஆவி சுத்திக்கினு இருக்குற வூட்ல நான் எப்படிப் புள்ள பெத்துக்கறது? நீ போன்லேர்ந்து அந்த நெட்டு கனெக்‌ஷன எடுக்கலன்னா நான் மாமியார் வூட்டுக்கே போயிடறேன்."

"அது மெஷினுடி. உங்கப்பா கடைசியா சொன்ன வேலைய செஞ்சுக்கினு இருக்குது, அவ்ளோதான்."

"மெஷினுதானே? அப்ப எடு."

மடக்கிவிட்டாள் பெண். காவேரி பூட்டைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள். போனில் அவர் பெயரைத் தொட்டாள். கீழே ‘மறந்துவிடு’ என்றிருந்தது. எந்தப் பாவி அந்தப் பொத்தானுக்கு அப்படிப் பெயர் வைத்தானோ! அழுத்தினாள். பெயர் போய்விட்டது.

போனைக் கீழே வைப்பதற்குள் அது அதிர்ந்தது. ‘குமரகுரு இணைய விரும்புகிறது. சம்மதமா?’

தேவிப்ரியா கிட்டே வந்து போனை எட்டிப் பார்த்தாள். "இது தானா வராதும்மா. எடுத்தப்புறம் உள்ள ஒருத்தர் உக்காந்து, உன் பேரப் பார்த்து அழுத்தினாத்தான் வரும்."

பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. உள்ளே கம்ப்யூட்டரின் முனகல் கேட்டது. காவேரிக்குப் பயமே வரவில்லை; ஆசைதான் வந்தது, நெஞ்சை அடைக்கிற ஆசை. கட்டைவிரல் ‘சரி’யின் மேல் நின்றது. பக்கத்தில் பெண் வயிற்றை இரு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அவர் படியிறங்கும்போதெல்லாம் "போயிட்டு வாங்க" என்றுதான் காவேரி சொல்லியிருக்கிறாள். வெறுமனே "போங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது வாயில் வரக்கூடாத சொல்.

"போங்க," என்றாள் கதவைப் பார்த்து. "நம்ம பொண்ணு பயப்படுது. போங்க."

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.

உள்ளே முனகல் நின்றுவிட்டது. சாவு விழுந்த அன்று கல்லாக நின்றிருந்த காவேரி, இப்போது கதவில் நெற்றியை முட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.