பெண் கேட்க யார் பேசுவது

என் கொழுந்தன் மிஃப்லிஹ், தன் மகன் ஹாஸிமுக்குப் பெண் கேட்கப் போகும் பெரியவர்கள் குழுவுக்கு, ஜாஹாவுக்கு, முன்ஜித் பாஷாவைத் தலைமை தாங்க அழைத்துவிட்டான். சொந்த அண்ணன் இருக்க, அந்த அண்ணனிடம் உளவுத்துறையில் பதினேழு வருஷம் வேலை கற்றுக்கொண்டவரை. என் வீட்டுக்காரர் அபூ ஸுஹைர், நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். வெகுநேரம் ஒரே பக்கத்தில் இருந்தார்.

நான் சும்மா விடவில்லை. மிஃப்லிஹைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணி, பொண்ணு வீட்டுல தெரிஞ்ச முகம் வேணும். முன்ஜித் பாஷா மந்திரியா இருந்தவர், டிவியில வர்றவர். அண்ணனை யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னது நிஜம்தான். என் வீட்டுக்காரர் முப்பத்துநான்கு வருஷம் உளவுத்துறையில் இருந்து இயக்குநராக ஓய்வு பெற்றவர். என்ன செய்தார் என்று ஊருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓய்வு பெறும் நாளில் கொடுத்த கேடயத்தில்கூடப் பெயரும் தேதியும்தான்.

கரக் ஊரில், பெண் வீட்டு திவானில், விருந்தாளிகள் கூடத்தில், ஆண்கள் உட்கார, நாங்கள் உள்ளறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டோம். என் பக்கத்தில் முன்ஜிதின் மனைவி நுஹா, கழுத்து கொள்ளாத நகையோடு. காப்பி வந்தது. முன்ஜித் குவளையை வாங்கி, குடிக்காமல் முன்னே வைத்தார். பெண் தருகிறோம் என்ற சொல் வரும்வரை ஒருவரும் உதட்டில் வைக்கமாட்டார்கள்.

கணீரென்று பேசினார். எனக்கே பொறாமையாக இருந்தது. பெண்ணின் தாத்தா அபூ ரதீப் உடனே சம்மதம் சொல்லவில்லை. உங்கள் சேவையில் நடந்தது ஒன்று சொல்லுங்கள், கேட்போம் என்றார்.

பாலைவன நெடுஞ்சாலையில் ஒருவன் துப்பாக்கியோடு பேருந்தை மறித்துப் பிடித்து வைத்த கதையை முன்ஜித் எடுத்தார். ஆயுதமில்லாமல் தனியாக ஏறி நாலு மணி நேரம் பேசி அவனை இறக்கினாராம்.

நுஹா என் தொடையில் தட்டினாள். "உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு எங்க இருந்தார், உம்மு ஸுஹைர்? ஆபீஸ்ல ஃபைல் பாத்துக்கிட்டா?"

எந்த நாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்று அவர் இரண்டு நாள் தாடியோடு வீட்டுக்கு வந்தார். ஷூவுக்குள் ஒரு கைப்பிடி மணல். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வெளியே கிழவர் கேட்டார். "கடைசியில அவன் என்ன கேட்டான், பாஷா?"

"விமானம். வேற என்ன கேப்பான்."

"தண்ணி கேட்டான்." என் வீட்டுக்காரரின் குரல். "அவனோட சின்னப் பொண்ணும் உள்ள இருந்தா. அவளுக்கு."

 கதவிடுக்கில் பார்த்தேன். முன்ஜித் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் மெல்ல உடம்பைத் திருப்பி என் வீட்டுக்காரருக்கு நேராக உட்கார்ந்தார்.

"பொண்ணு உங்களோடது, அபூ ஸுஹைர். காப்பியைக் குடிங்க."

"முதல் மிடறு பாஷாவோடது," என்றார் இவர்.

முன்ஜித் குடித்தார். எங்கள் அறையில் குலவை எழுந்தது. என் வயசுக்கு அவ்வளவு நீளமாகக் குலவை விடக்கூடாது. விட்டேன், நுஹாவின் காதுக்குப் பக்கத்தில்.

காரில் அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"ஆபீஸ் விஷயத்தை வெளியில பேசிட்டேன். நாளைக்குப் போய் எழுதிக் கொடுக்கணும்."

"ஓய்வு வாங்கி ஒம்பது வருஷம் ஆச்சு. யார் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். கரக்கின் இறக்கம் முழுக்க எனக்கு முன்ஜித் நினைவும் இல்லை, நுஹா நினைவும் இல்லை. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத நாற்பது ஆண்களுக்கு நடுவில் சொல்லிவிட்டார். அந்த நாற்பது பேர் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.