கையை எடுக்கச் சொன்னார்கள்

வாவிக்கு அக்கரையில் விடியற்காலையிலிருந்து ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் தீர்ந்துபோய், காயக்காரரைத் தரையில் கிடத்தத் தொடங்கினார்கள். அது 2007ஆம் ஆண்டு. தாதிமார் பாதிப்பேர் வரமுடியாமல் போனதால் சுற்றூர்ப் பெண்கள் தொண்டர்களாக நின்றார்கள். நாவற்குடா தவமலரும் அவர்களில் ஒருத்தி.

தொடை பிளந்து கிடந்த இளம் சிப்பாய் ஒருவனிடம் டொக்டர் அவளை இழுத்துக்கொண்டு போனார். அவளது இரண்டு கைகளையும் பிடித்துத் தொடை இடுக்கில் வைத்து அமத்தினார்.

“ரத்தக்குழாய் அறுந்திருக்கு. ஒப்பரேசன் தியேட்டரில வேறொராள் மேசையில கிடக்கிறார். நான் வாறமட்டும் கையை எடுத்திராதீங்க தங்கச்சி. எடுத்தா ஆள் இல்ல.”

அவர் போய்ச் சற்று நேரத்தில், துப்பாக்கியோடு இன்னொரு சிப்பாய் உள்ளே பாய்ந்து வந்தான். நண்பனையும், அவன்மேல் குனிந்திருந்த தமிழ்ப் பெண்ணையும் கண்டதும் சிங்களத்தில் கத்தினான். துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது.

அடுத்த காயக்காரருக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த காத்தான்குடி றிஸானாவுக்குச் சிங்களம் தெரியும். அவள் தவமலர் பக்கம் திரும்பினாள்.

“கையை எடுக்கட்டாம் அக்கா. அவர நீங்க என்னமோ செய்றீங்க எண்டு நினைக்கிறார். நான் சொன்னாலும் கேக்கிறாரில்ல.”

தவமலர் நிமிரவில்லை. போன மாதம் செட்டிபாளையத்துச் சுற்றிவளைப்பில் அவள் தம்பி சுதாகரனைக் கொண்டுபோனவர்களும் இதே உடுப்புத்தான் போட்டிருந்தார்கள். அந்த நினைவாலா, களைப்பாலா என்று அவளுக்கே தெரியவில்லை, ஒரு கணம் கை இளகியது. விரலிடுக்கால் ரத்தம் சூடாகப் பீறியது.

“அம்மே...” என்றான் கிடந்தவன்.

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவள் உடம்பின் பாரம் முழுவதையும் கைகளில் இறக்கினாள்.

“புள்ள, அவர இஞ்ச வந்து அமத்தச் சொல்லு. எனக்குக் கை ஏலாமப் போகுது.”

றிஸானா சொன்னாள். பீறிய ரத்தத்தை அவனும் கண்டிருந்தான். துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு முழந்தாளிட்டு, அவள் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்தினான். தலையோடு தலை முட்ட, தியேட்டர் கதவு திறக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

காயப்பட்டவன் பிழைத்தான். கால்தான் போய்விட்டது.

அன்று பின்னேரம் தவமலர் அந்த நண்பனிடம் றிஸானாவைக் கொண்டு தம்பியின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் தனியாக வந்தான். றிஸானாவிடம் மெதுவாகப் பேசினான்.

“அவங்கட ஆமிக் காம்பில அப்படி ஒராள் இல்லையாம் அக்கா. மத்தக் காம்பிலயும் போய்க் கேட்டாராம். ஏசித் துரத்தினாங்களாம். உண்மையத்தான் சொல்றார் போல.”

“ஓம், விளங்குது” என்றாள் தவமலர்.

அதுவரை எந்தக் காம்பிலாவது தம்பி உயிரோடு இருப்பான் என்றே அவள் நம்பியிருந்தாள். வாட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது ஓயுமட்டும் அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான்.