கடைசியாக எழுதிய தேதி

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. என் நாவல் அழிந்ததில் பிறந்தது. அழித்தது விமர்சகர் அல்ல, என் மனைவி எழுதிய நிரல்.

முதல் தொடக்கம்: ‘ஒரு மகத்தான படைப்பு மறையும்போது நாகரிகங்களே ஒரு கணம்…’ (வேண்டாம். நாகரிகங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.)

2

இரண்டாம் தொடக்கம், அலுப்போடு: பழைய கோப்புகளைத் தேடி அழிக்கும் நிரல் ஒன்றை அவள் அலுவலகம் விற்கப்போகிறது. இரண்டு வருடம் தாண்டிய கோப்பு என்றால் காலி. தொல்லை, கோப்பின் தேதியைக் கேட்பதில்தான். அலுவலகக் கணினி, கோப்பின் நிலை கடைசியாக மாறிய நாளைச் சொல்கிறது. என் கணினியில் வேறு இயங்குதளம். அதே கேள்விக்குக் கோப்பு பிறந்த நாளைச் சொல்கிறது. கல்யாணம் எப்படி நடந்தது என்று இரண்டு சம்பந்திகளையும் கேட்டதுபோல.

அவள் மேலாளர் (அடையாள அட்டையில் ‘தலைமைச் சிற்பி’ என்று போட்டுக்கொண்டவர், உளியைத் தொட்டதில்லை) நம்ம மெஷின்ல ஓடுதே என்று சொல்லிவிட்டுக் காபிக்குப் போய்விட்டாராம். சந்தேகம் தீராத அவள் என் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்பது வயது நாவல் போனது.

3

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அவள் கலங்கியிருக்க வேண்டும், கொட்டாவிதான் விட்டாள். போன மாதம் அவள் எடுத்துவைத்த ஒரு நகல் அலுவலகத்தில் இருக்கிறதாம். அது பிழைத்ததும் அதே கோளாறால்தான்: நகல் போய்ச் சேர்ந்த நாளையே அலுவலக இயங்குதளம் தேதியாகச் சொல்லியிருக்கிறது.

இப்போது சரிசெய்துவிட்டாள். எந்தக் கணினியானாலும் நிரல் இனி கடைசியாக எழுதிய தேதியைத்தான் கேட்கும். இன்று சாயங்காலம் அலுவலகத்தில் ஓடுகிறது. எனக்கு நிம்மதி. நான்தான் தினமும் எழுதுகிறேனே என்றேன்.

தன் மடிக்கணினியில் நகலின் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தினமும் திறக்கிறீங்க. எழுதல. எழுதி மூணு வருஷம் ஆச்சு.”

“திறக்கிறதும் உழைப்புதான்.”

“அதுக்குத் தனித் தேதி இருக்கு. அதை யாரும் கேக்கிறதில்ல.”

4

அவள் இரண்டு முடிவுகள் தந்தாள்.

“விதிவிலக்குல சேத்துடவா? இல்ல, ஒரு வரி எழுதுறீங்களா?”

நிரல் தொடாத அந்த விதிவிலக்குப் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவை தலைமைச் சிற்பியின் சொற்பொழிவுகள் மட்டும்.

மூன்றாம் முடிவு: எழுத்தாளன் வெறிகொண்டு ஓர் அத்தியாயத்தை… (பொய்.) அவள் மடிக்கணினியில் அலுவலக நகலைத் திறந்து கொடுத்திருக்கிறாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கணினியில் இந்தக் கதையை எழுதுகிறேன். இதற்கு இன்றைய தேதி விழுந்துவிட்டது, இது பிழைத்துக்கொள்ளும்.

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு, மடிக்கணினிக்காக நிற்கிறாள். நாவலில் கதாநாயகனும் மூன்று வருடமாக வாசலில்தான் நிற்கிறான். வாசகரே, அவன் உள்ளே வருகிறானா, திரும்பிப் போகிறானா? நீங்களே சொல்லுங்கள். நகலில் வெறும் முற்றுப்புள்ளி வைத்தாலே தேதி மாறிவிடும் என்கிறாள். வைத்துவிடலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாக்கியம்